எடைக்கு மேலே ஓர் ஆள்

மாலே விமான நிலையத்தில் என்னை முதலில் எடை போட்டார்கள். பெட்டியைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைத்தான். தோள்பையும் செருப்புமாக ஓர் இரும்புத் தட்டின் மேல் ஏறி நிற்கச் சொன்னாள் சீருடை போட்ட ஒரு பெண். எதிர்ச் சுவரில் சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன. அவள் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தாள். பின்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பொன்னேரி மார்க்கெட்டில் பூசணிக்காய் விற்கிறவன்கூட எடையை இப்படிக் கத்திச் சொல்லமாட்டான்.

போதாக்குறைக்கு, தம்பிக்கு வாங்கிய இரண்டு புதுச் சட்டைகளை என் சுடிதாருக்கு மேலேயே போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டிக் கனத்தைக் குறைக்க வெளிநாடு போகிற நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். உடம்பில் இருந்தால் கணக்கில் வராது. இங்கே உடம்பையே கணக்கில் சேர்ப்பார்கள் என்று யார் கண்டது? வியர்த்து வழிய நின்றதுதான் மிச்சம்.

நான் போக வேண்டிய தீவுக்குப் பெரிய விமானம் போகாது. ஓடுபாதை அவ்வளவு குட்டை. ஒரு சின்ன கம்பெனி, வேன் அளவு விமானங்களை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட தீவுகளுக்கு மட்டும் ஓட்டுகிறது. குட்டை ஓடுபாதையில் கனம் கூடினால் எழும்ப முடியாதாம், கடலில்தான் போய் விழ வேண்டுமாம். அதனால்தான் இந்த எடைக் கச்சேரி. நியாயம்தான் என்று அப்போது தோன்றியது. கும்மிடிப்பூண்டி பைபாஸில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களை இங்கே கூட்டிவந்து இரண்டு நாள் பாடம் கேட்க வைக்கலாம் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு மரியாதை அந்தக் கம்பெனி மேல் எனக்கு வந்தது. அந்த மரியாதையை நினைத்தால் இன்று என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தம்பி சாமுவேல் அந்தத் தீவில் வெல்டர். எங்கள் அப்பா பொன்னேரியைச் சுற்றி அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நாங்கள் இரண்டு பேரும் கம்பெனிக்குப் போனோம். நான் கும்மிடிப்பூண்டியில் பேக்கிங் செக்ஷன், அவன் வெல்டிங். ஒரு கான்ட்ராக்டர் அவனை மாலத்தீவுக்குக் கூட்டிப்போனார். வேலை என்ன தெரியுமா? இந்தக் குட்டை விமானங்கள் வந்து நிற்கிற நிலையத்துக்குக் கூரை போடுவது. அந்தக் கூரைக்கு ஏற்றிய இரும்புச் சட்டம் ஒன்று நழுவி அவன் கணுக்காலில் விழுந்தது.

கான்ட்ராக்டர் "சின்ன எலும்பு முறிவுதான்" என்று சொல்லி, மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார். நாங்களும் நம்பினோம். அப்புறம்தான் அவனோடு வேலை செய்கிற முனுசாமி போன் செய்தார். ஆர்.கே.பேட்டைக்காரர்.

"யக்கா, நீ ஒடனே கெளம்பி வா. காலு கறுத்துக்கினு வருது. கேக்க நாதியில்ல இங்க. ஒங்க ஊட்டு ஆளு வர்ற வரைக்கும் வேல செய்ய மாட்டோம்னு நாங்க எல்லாரும் ஒக்காந்துட்டோம்."

அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் கான்ட்ராக்டருக்கு என் பெயரில் டிக்கெட் எடுக்கக் கை வந்தது.

விமானத்தில் கடைசி இருக்கை எனக்கு. கீழே கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. பார்க்கிற மனசு எனக்கு இல்லை. தீவு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. அதன் இந்தக் கரையில் தொடங்கி அந்தக் கரையில் முடிந்துவிட்டது ஓடுபாதை. சக்கரம் தரையைத் தொட்டதும் பைலட் பிடித்த பிரேக்கில் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டேன். ஏசப்பா என்று கத்தியது நான் மட்டும்தான், மற்றவர்கள் கைதட்டினார்கள்.

முனுசாமி வெளியே நின்றிருந்தார். தலைக்கு மேலே பாதி கூரையும் பாதி வானமுமாக இருந்தது அந்த நிலையம்.

"இதுதான்க்கா நம்ம சாமு போட்ட கூர," என்று காட்டினார். "அதோ அந்த மூலைலதான் வியுந்தான்."

சுகாதார நிலையம் நடக்கிற தூரம்தான். சாமு கட்டிலில் கிடந்தான். மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. விரல்களின் நிறத்தை நான் எழுத விரும்பவில்லை.

"இன்னாக்கா, என் சட்டய நீ போட்டுக்கினு வந்துகீறே," என்று சிரித்தான். எனக்குக் கண்ணீர் முட்டியது, அதற்கும் கோபம்தான் வந்தது.

அங்கிருந்த டாக்டர் கேரளத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, மாலேயில் ஆபரேஷன் செய்தால் காலைக் காப்பாற்றலாம், நாளைக்கே கொண்டுபோங்கள் என்றார். படகில் போகலாமா என்று கேட்டேன். வெளிக்கடல் கொந்தளிக்கிறது, இரண்டு நாளாக மாலேக்கு ஒரு படகும் புறப்படவில்லை, விமானம்தான் வழி என்றார். கடிதமும் கொடுத்தார்.

ஓடினேன் விமானக் கம்பெனியின் கவுண்டருக்கு. அங்கே தலைமுடியை ஜெல் தடவிப் படிய வாரிய ஒரு மேனேஜர் இருந்தார். எனக்குத் தெரிந்த கம்பெனி இங்கிலீஷில் பேசினேன். கடிதத்தைப் படித்தார், முகத்தில் கவலையைக் காட்டினார், கணினியில் தட்டினார். "மேடம், உங்கள் இரண்டு பேரையும் ஸ்டேண்ட்பையில் போட்டுவிட்டேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். ஏன் என்று கேளுங்கள். எங்கள் கம்பெனியில் ஸ்டேண்ட்பை என்றால் அதைவிட நிச்சயமான பொருள் கிடையாது. ஸ்டேண்ட்பை மோட்டார் என்று ஒன்று இருக்கும், ஓடுகிற மோட்டார் நின்றால் கண் மூடித் திறப்பதற்குள் அது ஓட வேண்டும். ஸ்டேண்ட்பை ஜெனரேட்டரை வாரா வாரம் ஓட்டிப் பார்ப்பார்கள். ஸ்டேண்ட்பை ஆள் என்று ஷிஃப்டுக்கு ஒருவர் உண்டு, டீயும் சம்பளமும் கொடுத்து உட்கார வைப்பார்கள், தினமும் யாராவது லீவு போடுவதால் அவரைக் கூப்பிடாத நாளே இருக்காது. ஸ்டேண்ட்பை என்றால் உனக்காகவே தயாராக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அப்படித்தான் நான் பதினைந்து வருஷமாகப் படித்திருக்கிறேன்.

"கவலப்படாத சாமு. நமக்குன்னே ஸ்டேண்ட்பை போட்டு வெச்சிகீறாங்க," என்றேன்.

"அப்பாடா," என்றான். அவனும் கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்தவன்தானே. வெல்டிங் செட் எதுவும் ஸ்டேண்ட்பை இல்லாமல் ஓட்டமாட்டான். இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் காலை முனுசாமியும் மற்றவர்களும் அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவந்து நிலையத்தில் வைத்தார்கள். பக்கத்துத் தீவுச் சொகுசு விடுதியிலிருந்து, அலையில்லாத உள்கடல் வழியாக, படகில் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவராக இரும்புத் தட்டில் ஏறினார்கள், சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பைகளை எடை போட்டார்கள். விமானம் நிரம்பியது, கதவைச் சாத்தினார்கள், ஓடி எழும்பிப் போய்விட்டது.

நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். "சார், எங்களை ஸ்டேண்ட்பை என்றீர்களே?" என்றேன்.

"ஆமாம் மேடம், ஸ்டேண்ட்பைதான்" என்றார் மேனேஜர், நான் ஏதோ ஒத்துக்கொண்டது போல. காற்று சரியில்லை, வெயில் அதிகம், ஓடுபாதை குட்டை, எடைக்கு மேலே போய்விட்டது என்று அடுக்கினார்.

நிலைய வாசலில் டீக்கடை வைத்திருக்கும் ஆமினாத் என்ற பெண்மணிதான் எனக்கு விளங்க வைத்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இந்தி. அந்த விமானங்களை மொத்தமாக வாடகைக்கு எடுத்திருப்பது சொகுசு விடுதி. விருந்தாளிகள் ஏறி, அவர்கள் பைகள் ஏறி, அதற்குப் பிறகும் கனம் மீதி இருந்தால் தீவுக்காரர்களை ஏற்றுவார்கள். "மிச்சம் இருந்தால் உனக்கு. அதுக்குப் பேர்தான் ஸ்டேண்ட்பை" என்றார் அவர்.

மிச்சம்! அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் கொல்லைப்பக்கம் எங்கள் அப்பாவை உட்கார வைத்துப் போட்டார்களே, அந்த மிச்சம். அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் வைத்து, கணினியில் தட்டி, மேடம் என்று கூப்பிட்டுச் சொன்னால் எனக்குப் புரியாமல் போய்விடுமாம்.

ஆமினாத் எங்களுக்கு நாஷ்டா கொடுத்தார். மாஸ் ஹூனி என்கிறார்கள். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்து மெல்லிய ரொட்டியோடு தருவது. பழவேற்காட்டுச் சுறாப்புட்டுக்குத் தூரத்துச் சொந்தம். வேறு நேரமாக இருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். சாமு ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடம்பு கொதித்தது.

அன்று மாலை விமானமும் அதே கதை. அடுத்த நாள் காலையும் அதே கதை. இந்த முறை நான் ஏமாந்து நிற்கவில்லை, கண்ணை விரித்துப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு நீளமான கறுப்புப் பைகள், ஒன்றன்பின் ஒன்றாக விமானத்தின் வயிற்றுக்குள் போயின. கடலுக்கடியில் நீந்துவதற்கான சாமான்களாம். ஒவ்வொரு பையையும் இரண்டு ஆள் பிடித்துத் தூக்கினார்கள். என் தம்பி நல்ல உடம்போடு இருந்தபோதே அவ்வளவு கனம் இருக்கமாட்டான்.

"அந்தப் பையை இறக்கிவிட்டு இவனை ஏற்றுங்கள். பை சாயங்காலம் போகட்டும்" என்றேன்.

"விருந்தாளிகளின் பொருள் மேடம். எனக்கு அதிகாரம் இல்லை."

"யாருக்கு இருக்கிறது?"

"மாலேயில் கேட்க வேண்டும்." மாலேக்குப் போன் போட்டால் தீவில் இருக்கிற மேனேஜரைக் கேளுங்கள் என்றார்கள். கான்ட்ராக்டரோ போனில் "ட்ரை பண்ணிட்டே இருக்கேன்மா" என்பதை ஒரு மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் இரண்டாவது கடிதம் கொடுத்தார். இதில் "மிக மிக அவசரம்" என்று அடிக்கோடு போட்டிருந்தார். மேனேஜர் அதையும் அதே கவலை முகத்தோடு படித்தார். சாயங்கால விமானமும் எங்களை விட்டுவிட்டுப் போனது.

அன்று இரவு சாமு பிதற்றினான். யாரையோ ஏணியைப் பிடி, ஏணியைப் பிடி என்றான். முனுசாமி வெளியே போய் நின்று அழுதார்.

"சே, இன்னா பேஜாருக்கா இது. நம்ம போட்ட கூர, நம்மளயே நெயலுக்குக்கூட நிக்க உட மாட்றானுங்க," என்றார்.

விடிந்ததும் டாக்டர் வந்து பார்த்தார். மூன்றாவது கடிதம் எழுதப் பேனாவை எடுத்தவர், அதை மூடித் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கும் விமானம் போய்விட்டால் கால் இல்லை, உயிரும் நிச்சயமில்லை என்பது எனக்கே தெரிந்தது.

நிலையத்துக்கு வந்தோம். மேனேஜர் என்னைப் பார்த்ததும் கையை விரித்தார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. அந்தக் கைவிரிப்பில் எனக்குள் ஏதோ அறுந்துபோயிற்று.

முன்பு ஒரு தடவை, கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனிக்குப் பக்கத்து உருக்காலையில் ஒரு வட நாட்டுப் பையனுக்குத் தீக்காயம் பட்டது. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை என்றார்கள், வாசலில் முதலாளி கார் நிற்கிறது. அங்கே வேலை செய்த பெண்கள் கத்தவில்லை, கல்லெறியவில்லை. நேரே போய் லாரி எடை போடுகிற மேடையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது. எடைச் சீட்டு இல்லாமல் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டாது. எடை மேடை நின்றால் ஆலை நின்றமாதிரி. டீ ஆறுவதற்குள் கார் வந்தது.

நான் போய் இரும்புத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சுவரில் என் எடை சிவப்பாக எரிந்தது. எரியட்டும்.

"மேடம், எழுந்திருங்கள். பயணிகளை எடை போட வேண்டும்."

"போடுங்களேன், யார் வேண்டாம் என்றது?"

"நீங்கள் இறங்கினால்தானே?"

"நான் ஸ்டேண்ட்பை சார். இங்கேயே தயாராக இருப்பேன்."

முனுசாமிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சாமுவின் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர்களும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தீவின் ஒரே போலீஸ்காரர் வந்தார். ஆமினாத் அவரைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் பொரிந்து தள்ளினார். அவருக்கு அத்தையோ சித்தியோ ஆக வேண்டும் போலிருக்கிறது, மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விருந்தாளிகள் வரிசை கலைந்து முணுமுணுத்தது.

நேரமாகிறதே என்று பைலட் வெளியிலிருந்து உள்ளே வந்தார். நரைத்த தலை, அரைக்கால் சட்டை, வெள்ளைக்காரர். என்னைப் பார்த்தார், ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், குனிந்து சாமுவின் காலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இது எப்போதிலிருந்து?" என்று மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் காற்று, வெயில், ஓடுபாதை என்று ஆரம்பித்தார்.

"நான் அதைக் கேட்கவில்லை. நோயாளி காத்திருக்கிறார் என்று என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை? நேற்றும் நான்தானே ஓட்டினேன்."

மேனேஜர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பைலட் வெளியே கைகாட்டினார். "அந்தப் பைகளை இறக்குங்கள். எல்லாவற்றையும்."

அவ்வளவுதான். அவ்வளவேதான்! பைகளை இறக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பின்னிருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சரை வைத்துவிட்டார்கள். விருந்தாளிகளில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். "எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பைகளை நாங்களே விட்டுவிட்டுப் போயிருப்போமே" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பைலட் நல்லவர், அந்தப் பெண் நல்லவள், மேனேஜர்கூட வீட்டில் நல்ல தகப்பனாக இருப்பார். எல்லாரும் நல்லவர்கள், எல்லாருக்கும் மேடம் என்று கூப்பிடத் தெரிகிறது. இத்தனை நல்லவர்களுக்கு நடுவில்தான் என் தம்பியின் கால் விரல் விரலாகச் செத்துக்கொண்டிருந்தது. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தாலாவது சட்டையைப் பிடித்திருப்பேன்.

விமானம் எழும்பியது. தீவுக்குச் சாமு வந்தது படகில், அதனால் விமானத்திலிருந்து அதைப் பார்த்ததே இல்லை. தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டச் சொன்னான்.

"அக்கா, மேலேந்து பாரு. கூர நேரா கீது பாத்தியா? கோணலா கீதுன்னு அந்த இன்ஜினீயரு சொல்லிக்கினே இருந்தான்."

"நூல் புடிச்சாமாரி கீதுடா," என்றேன்.

மாலேயில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. சர்ஜன் அவன் காலை அதிக நேரம் பார்க்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். நேற்றுக் காலையில் வந்திருந்தால்கூட முயற்சி செய்திருப்பேன், இப்போது முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்றார். நேற்றுக் காலை. அந்த நீளப் பைகள் போன விமானம். சாமுவுக்கு நினைவு சரியாக இல்லாததால் நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை உடைத்துவிடுகிற மாதிரி அழுத்திப் போட்டேன்.

அவன் கண் விழிக்கும்போது என்ன சொல்வது என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அந்த நிலையத்தில் அத்தனை பேர் முன்னால் கூசாமல் பேசிய வாய் எனக்கு. ஒரு வார்த்தை கூடி வரவில்லை.

கண்ணைத் திறந்தான். காய்ச்சல் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆபரேசன் முடிஞ்சிச்சாக்கா?"

"முடிஞ்சிச்சிடா."

"காலு பரவால்ல போல. வலி கொறஞ்சிகீது," என்றான். அப்புறம் நெளிந்தான். "கட்ட வெரலுதான் ஒரே நமச்சலா கீது. கை எட்டல. கொஞ்சம் சொறிஞ்சி உடேன்."

நான் போர்வைக்குள் கையை விட்டேன். கால் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தை விரிப்பு சில்லென்று இருந்தது. அதைச் சொறிந்தேன்.

"இங்கியா?"

"இன்னும் கொஞ்சம் கீய," என்றான்.